வெள்ளவத்தையில் வனசீவராசி நோய்கள் வகுப்பு: மூன்று ஞாயிறுகள் இருந்து கேட்டவரின் மதிப்பீடு

வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஓர் ஒழுங்கையில், வார நாட்களில் உயர்தர மாணவருக்கான ரியூசன் நடக்கும் மண்டபத்தில், வனசீவராசிகளைத் தாக்கும் தொற்றுநோய்கள் பற்றிய மூன்று வார வகுப்பொன்று தமிழில் நடைபெற்றது. ஆய்வுகூட உதவியாளராக இருந்து ஓய்வுபெற்ற நான், கட்டணம் செலுத்தி மூன்று ஞாயிறு காலைகளும் முழுமையாக இருந்தேன். இடைவேளையில் பிளேன்ரீயும் கட்லற்றும் தந்தார்கள். கரையோர ரயில் கடக்கும்போதெல்லாம் பேச்சு நின்று தொடர்ந்தது. அது எவருடைய குற்றமும் அல்ல.

படிப்பித்தவர் பேராதனையில் மிருக வைத்தியம் பயின்ற ஓர் இளம் பெண். வைரசுகளின் படங்களோடு தொடங்குவார் என்றிருந்த எனக்கு, தொற்றுநோயே அல்லாத ஒன்றிலிருந்து அவர் தொடங்கியது வியப்பாக இருந்தது. 1990களில் இந்தியாவின் பரத்பூரில் வெண்முதுகுப் பிணந்தின்னிக் கழுகுகள் கழுத்தைத் தொங்கவிட்டபடி மரங்களில் அமர்ந்திருந்து செத்து விழுந்தபோது, ஆய்வாளர் பலர் ஏதோ புதிய தொற்றுநோய் பரவுகிறது என்றே எண்ணினார்கள். பாகிஸ்தானில் நடந்த ஆய்வொன்று, மாடுகளுக்குக் கொடுக்கப்பட்ட டைக்ளோபெனக் என்ற வலி மருந்துதான் அம்மாடுகளின் சடலத்தைத் தின்ற கழுகுகளின் சிறுநீரகங்களைச் சிதைத்தது என்று 2004 இல் காட்டியது. கால்நடைகளுக்கு அம்மருந்தைக் கொடுப்பதை இந்தியா 2006 இல் தடைசெய்தது. ஆனால் இந்தியாவில் அக்கழுகினம் நூற்றுக்கு 99 இற்கும் மேல் அருகிவிட்டது. ஓரினம் அருகும்போது அதன் உடலில் ஒரு கிருமி கிடைத்தால், அக்கிருமிதான் காரணமா, அல்லது அது அங்கே வெறுமனே இருந்ததா என்று கேட்கப் பழக்குவதே முதல் ஞாயிறின் நோக்கமாக இருந்தது. நாற்பது ஆண்டுகள் நுணுக்குக்காட்டியோடு கழித்த எனக்கும் அக்கேள்வி அவ்வளவு தெளிவாக எழுந்ததில்லை.

அதே கேள்வியை அவர் கசக்ஸ்தானுக்குக் கொண்டுபோனார். 2015 மே மாதத்தில், ஏறத்தாழ மூன்று வாரங்களுக்குள், அங்கே 200,000 இற்கும் அதிகமான சைகா மான்கள் இறந்தன. கொன்றது பாஸ்டுரெல்லா என்ற பற்றீரியா. ஆனால் அது நலமான மான்களின் தொண்டையிலும் தீங்கின்றி வாழ்வது, அந்நாட்களில் வழமைக்கு மாறாக உயர்ந்த வெப்பமும் ஈரப்பதனும் சேர்ந்தபோதே கொடியதாகியது. அப்படியானால் காரணம் பற்றீரியாவா வானிலையா என்று பின்வரிசையில் இருந்த மாணவி ஒருத்தி கேட்டாள். ஆசிரியை உடனே விடை சொல்லாமல் வகுப்பைப் பேசவிட்டது எனக்குப் பிடித்திருந்தது. இரட்டைக் குட்டிகளை ஈனும் பழக்கமுள்ள அவ்வினம் விரைவாக மீண்டதையும், 2023 இல் அது ஆபத்துக் குறைந்த வகைக்கு மாற்றப்பட்டதையும் அவர் சொல்லத் தவறவில்லை.

இரண்டாம் ஞாயிறு ஏமாற்றம் தந்தது. புரொஜெக்ரர் இரு தடவைகள் நின்றதில் அரை மணித்தியாலம் போக, 1996 இல் தாஸ்மேனிய டெவில் என்ற அவுஸ்திரேலியப் பைம்மிருகங்களில் முதலில் காணப்பட்ட, கடிப்பதால் பரவும் முகப் புற்றுநோயும், 2006 இல் நியூயோர்க் மாநிலத்துக் குகையொன்றில் தொடங்கிய வௌவால்களின் வெண்மூக்கு நோயும், தவளைகளின் தோலைத் தாக்கும் கைற்றிட் பங்கசும் ஒரே மூச்சில் ஓடி முடிந்தன. இதில் ஒரு குறையை அழுத்திச் சொல்ல வேண்டும். அப்பங்கசால் 501 ஈரூடகவாழி இனங்கள் குறைந்தன, அவற்றுள் 90 அழிந்துவிட்டதாகக் கருதப்படுகின்றன என்ற 2019 ஆம் ஆண்டுக் கணக்கைத் திரையில் போட்டவர், அக்கணக்கின் சான்றுகள் போதாதவை என்று மறு ஆண்டே வேறு ஆய்வாளர் மறுப்பு எழுதியதையும், முதலில் எழுதியோர் அதற்குப் பதிலளித்ததையும் சொல்லவில்லை. முதல் ஞாயிறு கற்பித்த கேள்வியை, அது மிகவும் தேவைப்பட்ட இடத்தில், வகுப்பே மறந்துவிட்டது. இலங்கையின் தவளைகளுக்குக் கிடைத்தது பத்து நிமிடம். உலகில் அழிந்தவையாகப் பதிவான ஈரூடகவாழிகளில் பெரும் பங்கு நம் தீவுக்குரியது. அவற்றுட் பல பழைய அருங்காட்சியக மாதிரிகளால் மட்டுமே அறியப்படுபவை. ஈரவலயக் காடுகள் கோப்பிக்கும் தேயிலைக்கும் வெட்டப்பட்டதே அதற்கு முதன்மைக் காரணமாகக் கருதப்படுகிறது. நோயோடு ஒப்பிட்டுப் பேச இதைவிட நல்ல உதாரணம் எது? கையேட்டில் பங்கசு என்பதற்குப் பதிலாக எல்லா இடத்திலும் பூஞ்சை என்று இருந்ததால், நம் பாடநூல்களில் படித்த பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்தார்கள் என்பதையும் ஏற்பாட்டாளர் கவனிக்கட்டும்.

மூன்றாம் ஞாயிறு நாய்களைப் பற்றியது, மூன்றிலும் சிறந்தது. 1994 இல் தன்சானியாவின் செரங்கெற்றிச் சிங்கங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கைக் கொன்ற, நாய்களுக்கு வரும் டிஸ்டெம்பர் என்ற நோயின் வைரசு சுற்றுப்புறக் கிராமங்களின் நாய்களோடு தொடர்புபடுத்தப்பட்டதையும், 500 இற்கும் குறைவாகவே எஞ்சியுள்ள எத்தியோப்பிய ஓநாய்களை விசர்நாய் நோய் மீண்டும் மீண்டும் தாக்கியதையும், அதனால் அங்கே கிராமத்து நாய்களுக்கு ஊசி போடுவதே ஓநாய்ப் பாதுகாப்பின் பெரும் பகுதியாகிவிட்டதையும் அவர் அவசரமின்றி விளக்கினார். நாய் வளர்ப்போர் தடுப்பூசி அட்டையைக் கொண்டுவர வேண்டும் என்று முந்திய வாரமே சொல்லியிருந்தார்; ஒவ்வொன்றையும் வாங்கிப் பார்த்து, எது விசர்நாய் நோய்க்கு, எது டிஸ்டெம்பருக்கு என்று காட்டினார். என் அட்டையில் முதலாவது மட்டுமே இருந்தது.

கட்டணம் சற்று அதிகம் என்றாலும் கொடுத்ததற்கு வருந்தவில்லை. சாதாரண தர விஞ்ஞானம் படித்த எவரும் தயங்காமல் சேரலாம். அடுத்த தொகுதிக்குக் கட்டணத்தைக் குறைக்கும்படி நான் கேட்கமாட்டேன். இரண்டாம் ஞாயிறை இரண்டாகப் பிரித்து, ஒன்றைத் தவளைகளுக்கு மட்டும் ஒதுக்கும்படி எழுதிக் கொடுத்திருக்கிறேன்.