ஜக்கூர் ஏரி: அம்மாவோடு போய்வந்த பிறகு

பெங்களூரு யெலகங்காவுக்குக் குடிவந்து நாலு வருடம் ஆகியும் ஜக்கூர் ஏரிக்குப் போன மாதம்தான் முதன்முதலாகப் போனேன், அதுவும் சிவகங்கையிலிருந்து வந்திருந்த அம்மா நடக்க இடம் கேட்டதால். அப்புறம் ஒரு ஞாயிறு விடவில்லை.

ஏறக்குறைய 160 ஏக்கர். நடைபாதை இருக்கிறது, நடுவே மரத் திட்டுகளும் கூழைக்கடாக்களும். ஆனால் நீங்கள் பார்க்க வேண்டியது தண்ணீர் வந்து சேரும் முனையை. சுற்றுவட்டாரக் கழிவுநீரை, நாளுக்கு 1 கோடி லிட்டர் என்ற அளவில் கட்டிய நிலையத்தில் சுத்திகரித்து, அதையும் நேரே ஏரியில் விடாமல், சம்புப் புல் மண்டிய ஆழமில்லாத சதுப்பு வழியாக மெல்ல ஓடவிடுகிறார்கள். மிச்சமிருக்கும் நைட்ரேட், பாஸ்பேட்டைச் செடிகள் உறிஞ்சிக்கொள்ளும், பிறகுதான் ஏரி. கோடையிலும் தண்ணீர் நிற்பதும், பக்கத்துக் கிணறுகள் ஊறுவதும் இதனால்தான். 2024 கோடையில் போர்வெல் வற்றி, லாரித் தண்ணீருக்காகக் குடத்தோடு நின்றவள் நான். அந்தச் சதுப்பைப் பார்த்தபோது மனசு நிறைந்துவிட்டது.

அம்மா கரையில் கொஞ்சநேரம் நின்றுவிட்டு, "இது நம்ம ஊர்க் கண்மாய்தானடி" என்றார். சரியாகத்தான் சொன்னார். பெங்களூரு ஏரிகளில் பெரும்பாலானவை மனிதர்கள் கரைகட்டி உண்டாக்கியவை, ஒன்று நிறைந்தால் மறுகால் பாய்ந்து அடுத்ததற்குப் போகும். ஜக்கூர் நிரம்பினால் அடுத்தது ராச்சேனஹள்ளி ஏரி. இங்கே ராஜகாலுவே என்று சொல்லும் அந்தக் கால்வாய்கள் குறுகி அடைபட்ட பகுதிகளில்தான் 2022 செப்டம்பர் மழையில் ஆட்களை டிராக்டரில் ஏற்றி மீட்க வேண்டியிருந்தது.

எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம், அழகுபடுத்துகிறோம் என்று மீன் பிடிப்பவர்களை வெளியேற்றாதது. காலையில் பரிசல் கரைக்கு வரும், மாட்டுக்குப் புல் அறுப்பவர்களும் வருவார்கள், அவர்களுக்குப் பக்கத்திலேயே நாமும் நடக்கலாம். பூங்கா என்றால் ஓடுகிறவர்களுக்கு மட்டும் என்று ஆகிவிடாமல் இருப்பது பெரிய விஷயம்.

குறையும் உண்டு. கரையில் நிழல் போதாது. ஒன்பது மணிக்கே வெயில் ஏறிவிட்டது, முட்டிவலியோடு வந்த அம்மாவுக்கு நாங்கள் நடந்த பக்கத்தில் உட்கார இடமே கிடைக்கவில்லை, பாதியிலேயே திரும்பிவிட்டோம். புங்கையும் நாவலும் வரிசையாக நட்டு, இடையிடையே கல் திண்ணை போட்டாலே போதும். வயதானவர்களோடு போகிறவர்கள் ஏழு மணிக்குள் போய்விடுங்கள், குடிக்கத் தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள், சதுப்புப் பக்கத்தை முதலில் பார்த்துவிடுங்கள்.