காம்போசிட் வெனீரா, செராமிக் வெனீரா? கழற்றும் நாளை வைத்து ஓர் அலசல்

நம் கொங்குப் பகுதியில் பல்லுக்கு வெனீர் (பல்லின் முன்பக்கத்தில் ஒட்டும் மெல்லிய உறை) வைக்கலாமா என்று கேட்கிற பலருக்கும் தொடக்கம் தண்ணீர்தான். தருமபுரி, சேலம், நாமக்கல் பக்கம் சில ஊர்களில் ஆழ்துளைக் கிணற்று நீரில் ஃபுளோரைடு அதிகம். லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் என்பதுதான் இந்தியக் குடிநீர்த் தரத்தின் உச்ச வரம்பு. அதைத் தாண்டிய நீரைச் சின்ன வயதில் குடித்து வளர்ந்தால், பல் முளைக்கும்போதே வெள்ளைத் திட்டோடு வரும், போகப் போகப் பழுப்பேறும். எவ்வளவு தேய்த்தாலும் போகாது. கல்யாணம் நிச்சயமானதும் வீட்டில் பேச்சு எழுகிறது: "ஏனுங்க டாக்டர், எது நாள்பட உழைக்குமுங்க?"

நியாயமான கேள்விதான். ஆனால் எதை வைத்தாலும் ஒரு நாள் மாற்றியாக வேண்டும். அன்றைக்கு அடியில் எவ்வளவு எனாமல் (பல்லின் கடினமான மேல்படலம்) மிஞ்சியிருக்கும் என்பதுதான் எனக்கு அதைவிடப் பெரிய கேள்வியாகப் படுகிறது. எனாமல் தேய்ந்தால் திரும்ப வளராது.

காம்போசிட் என்பது பிசின் கலவை. டாக்டர் நேராகப் பல்லின் மேலேயே வைத்து வடிவம் கொடுத்து, ஒளி காட்டி இறுக வைப்பார். பெரும்பாலும் ஒரே நாளில் வேலை முடியும், பல்லை அதிகம் ராவ வேண்டியதில்லை. பொதுவாக 5 முதல் 7 வருஷம் உழைக்கும். கறை பிடிப்பதுதான் இதன் பலவீனம். டீ, காபி, வெற்றிலை போதாதென்று, மஞ்சள் இல்லாமல் நமக்குக் குழம்பே இல்லை. காம்போசிட்டில் மஞ்சள் நன்றாகவே ஏறும். ஆனாலும் மேற்பரப்புக் கறையைப் பாலிஷ் போட்டு எடுத்துவிடலாம். ஓரம் உடைந்தால் அந்த இடத்தில் மட்டும் கொஞ்சம் வைத்துச் சரிசெய்யலாம்.

செராமிக் லேபில் செய்து வருவது. சாதாரணமாக 10 முதல் 15 வருஷம், பராமரிப்பைப் பொறுத்து அதற்கு மேலும் வரும். விலை பல மடங்கு. அதில் கறை ஏறாது. ஒட்டிய சிமெண்ட் விளிம்பில்தான் நாளடைவில் கோடு தெரியும். வைப்பதற்குப் பல்லை ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் ராவுவார்கள். கழற்றும்போதுதான் சிக்கல். நன்றாக ஒட்டியதைப் பெயர்த்து எடுக்க முடியாது, பெரும்பாலும் வைரத் துகள் பதித்த பர் என்ற சுழலும் முனையைப் போட்டு அரைத்துத்தான் எடுக்க வேண்டும். சிமெண்டும் பல்லின் நிறத்திலேயே இருப்பதால் எது எங்கே முடிகிறது என்று பிரித்துப் பார்ப்பது கடினம். கூடவே கொஞ்சம் எனாமலும் போகும். எனாமல் போய் அதற்கு அடியிலுள்ள டென்டின் தெரிந்துவிட்டால் அடுத்த வெனீரின் பிடிப்பு குறையும். அப்புறம் பல்லை முழுசாக மூடும் கேப்தான்.

சரி, எப்போது மாற்றியே ஆக வேண்டும்? விளிம்புக்கு அடியில் சொத்தை இறங்கினால் எந்த வகையானாலும் தள்ளிப்போடக் கூடாது. வலி வரும்வரை காத்திருந்தால் வேர் சிகிச்சை வரை போகலாம். குறுக்கே விரிசல் ஓடினாலும் மாற்ற வேண்டியதுதான். உடையாமல் முழுசாகக் கழன்று வந்தால் அதைப் பத்திரமாக எடுத்துப் போங்கள், மறுபடி ஒட்டிக்கொள்ளலாம். கடையில் விற்கும் பசையை வைத்து நீங்களே ஒட்ட வேண்டாம். திரும்பத் திரும்பக் கழன்றால் காரணத்தைத் தேட வேண்டும். இரவில் பல்லைக் கடிக்கிற பழக்கம் இருந்தால் தூங்கும்போது பல்லில் மாட்டும் நைட் கார்டு இல்லாமல் புதிது வைப்பது வீண். பொங்கல் கரும்பை முன்பல்லால் உரிப்பதும் அப்படித்தான். ஃபுளோரைடு கறைப் பல்லில் இன்னொன்றும் உண்டு: ஒட்டுவதற்கு முன் எனாமலைச் சொரசொரப்பாக்கப் போடும் அமிலம் அதில் எளிதில் வேலை செய்யாது, பிடிப்புக்குக் கூடுதல் தயாரிப்பு வேண்டும். சின்ன வயதில் எந்தத் தண்ணீர் குடித்தீர்கள் என்பதை டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

பத்து வருஷம் ஆகிவிட்டது என்பது மட்டும் மாற்றக் காரணம் ஆகாது. ஈறு கொஞ்சம் இறங்கி விளிம்பு தெரிகிறது, ஆனால் சொத்தை இல்லை என்றால் பொறுக்கலாம்.

என் கருத்து இது. இருபதுகளில் இருப்பவர், கறை லேசாக இருந்தால், பிளீச்சிங்கையும் மேல்கறையை மெல்லத் தேய்த்து எடுக்கும் சிகிச்சையையும் முதலில் பார்க்கட்டும். போதவில்லை என்றால் காம்போசிட். ஏழு வருஷத்துக்கு ஒருமுறை செலவு வந்தாலும் எனாமல் கையில் இருக்கும். நாற்பதைத் தொட்டவர், காம்போசிட்டில் அலுத்தவர், எனாமல் நன்றாக இருந்தால் செராமிக்குக்குத் தாராளமாகப் போகலாம். ஏற்கெனவே பெரிய அடைப்போ வேர் சிகிச்சையோ உள்ள பல்லுக்கு வெனீரைவிடக் கேப் பல நேரம் பொருத்தம்.

ஒரு வெனீரை மட்டும் மாற்றுவதானால் முதலிலேயே பக்கத்துப் பல்லின் நிறத்தைப் பாருங்கள். சொந்தப் பல்லைப் பிளீச் பண்ணலாம், வெனீர் அதற்கு வெளுக்காது. அதனால் பிளீச் பண்ணும் எண்ணம் இருந்தால் முதலில் அதை முடித்து, நிறம் நிலைக்க ஒன்றிரண்டு வாரம் விட்டு, அப்புறம் புது வெனீரின் நிறத்தைத் தேர்ந்தெடுங்கள்.