பாவ்லோட்ஸி ஸ்கிரீன் பிரிண்ட் வாங்குபவர்கள் கவனத்துக்கு

எடுவார்டோ பாவ்லோட்ஸியின் 'ஆஸ் இஸ் வென்' வரிசைப் படம் என்று சொல்லி லண்டனில் யாராவது விற்றால், ஃபிரேமைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். மறுத்தால் வாங்காதீர்கள். 1400 பவுண்டு கட்டிய எனக்கு வந்தது, புத்தகமும் போஸ்டரும் அச்சடிக்கும் ஆஃப்செட் இயந்திரத்தில் அச்சான ஒரு தாள்.

பாவ்லோட்ஸி அடிப்படையில் சிற்பி. பிரிட்டிஷ் நூலக முற்றத்தில் குனிந்து அளந்துகொண்டிருக்கும் நியூட்டன் வெண்கலச் சிலை அவருடையதுதான். 1965-இல் தத்துவவாதி விட்கென்ஸ்டைனை வைத்து இந்த 12 ஸ்கிரீன் பிரிண்ட்களை உருவாக்கினார். அச்சிட்டவர் கெல்ப்ரா ஸ்டுடியோவின் கிறிஸ் பிரேட்டர். கட்டம், பட்டை, இயந்திரத் துண்டு எல்லாம் நெருக்கியடித்து நிற்கும். நிறத்துக்கு ஒரு ஸ்கிரீன் (வலைத்துணி கட்டிய சட்டம்) என்று மாற்றி மாற்றி, அதன் வழியாகத் தாளில் மையை இழுத்திருப்பார்கள். அந்த மை தாளின்மேல் கனமாகப் படிந்திருக்கும் அழகுக்காகத்தான் ஆசைப்பட்டேன்.

ஃபிரேமைக் கழற்றி லென்ஸ் வைத்துப் பார்த்தேன். ஒரே சீராக இருக்க வேண்டிய சிவப்புப் பட்டைக்குள் மஞ்சளும் மெஜந்தாவுமாகப் பொடிப்பொடிப் புள்ளிகள். ஆஃப்செட்டில்தான் இப்படிப் புள்ளிகளைக் கலந்து நிறம் காட்டுவார்கள். (புகைப்படத்திலிருந்து எடுத்த பகுதியில் புள்ளி இருக்கலாம், அது குறையல்ல. வெறும் நிறப் பரப்பில் இருக்கவே கூடாது.) கீழே பென்சிலில் 41/150, அதாவது 150 பிரதிகளில் 41-ஆவது. இந்த வரிசையில் எண்ணிட்ட பிரதிகளே 65தான்! விளம்பரப் படத்தில் அந்த மூலையை மவுண்ட் அட்டை (படத்தைச் சுற்றி வைக்கும் அட்டை) மறைத்திருந்தது.

கேட்டதற்கு, "பின்பக்க டேப்பைப் பிரித்துவிட்டீர்கள், இனி திரும்ப எடுக்க முடியாது" என்றார் விற்றவர். பிரிக்காமல் எப்படித் தெரியும்? அடுத்த மின்னஞ்சலில், "பாவ்லோட்ஸி பாணி என்றுதானே போட்டிருந்தேன்" என்று பேச்சு மாறியது. விளம்பரத்தையும் அதற்குள் அப்படியே திருத்திவிட்டார். பழைய விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட் என்னிடம் இருக்கிறது. இது தெரியாமல் நடந்த பிழை இல்லை, திட்டமிட்ட ஏமாற்று. அதனால்தான் இவ்வளவு கோபம்.

வியாபாரியிடம் வாங்கிய பொருள் சொன்னபடி இல்லையென்றால், 30 நாளுக்குள் திருப்பிக் கொடுத்து முழுப் பணத்தையும் கேட்க பிரிட்டனின் 2015-ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டம் இடம் தருகிறது. டேப்பைப் பிரித்தேன் என்பதற்காக அந்த உரிமை போய்விடாது. கிரெடிட் கார்டில் கட்டியிருந்ததால், 1974-இன் நுகர்வோர் கடன் சட்டம் 75-ஆம் பிரிவின்படி வங்கியிடமும் கோரியிருக்கிறேன். விலை 100 பவுண்டுக்கு மேல், 30,000 வரை இருந்தால் இது செல்லும். டெபிட் கார்டுக்குக் கிடையாது.

டேட் அருங்காட்சியகத்திடம் இந்தப் படங்கள் இருக்கின்றன. அவர்கள் தளத்தில் உள்ள அளவையும், விற்பவர் சொல்லும் தாளின் அளவையும் ஒப்பிட்டுப் பாருங்கள். ஃபிரேமின் அளவைச் சொன்னால் ஏற்காதீர்கள். பென்சில் எண்ணை நெருக்கத்தில் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். வங்கியின் பதில் வந்ததும் இங்கேயே எழுதுகிறேன்.