ஊட்டியில் "கார்டன் இன்னைக்கு க்ளோஸ்" என்று சொன்னால் நம்பாதீர்கள்

ஊட்டியில் வண்டி ஓட்டுகிறவரோ, பேக்கேஜ் போட்டுக் கொடுத்த ஏஜென்டோ "பொட்டானிக்கல் கார்டன் இன்னைக்கு க்ளோஸ்" என்று சொன்னால், அந்தப் பேச்சை மட்டும் நம்பி வண்டியைத் திருப்ப விடாதீர்கள். அரசு தாவரவியல் பூங்காவுக்கு வார விடுமுறை கிடையாது. கனமழைக்கு ரெட் அலர்ட் கொடுக்கும் நாட்களில் மாவட்ட நிர்வாகம் சுற்றுலா இடங்களை மூடுவது உண்டு. தொட்டபெட்டா பக்கம் யானை வந்துவிட்டால் அந்த ஒரு இடத்தை மூடுவார்கள். அப்படி மூடினால் அது செய்தியில் வந்துவிடும், ஊரில் எல்லோருக்கும் தெரிந்திருக்கும். டிரைவருக்கு மட்டும் தெரிந்த லீவு என்று ஒன்று கிடையாது.

இதை எழுதக் காரணம், இந்த ஏப்ரல் கடைசியில் எங்கள் குடும்பத்துக்கு நடந்தது. நான், கணவர், பிள்ளைகள் இருவர், என் அம்மா என ஐந்து பேர் போனோம். பயணமே அம்மாவுக்காகத்தான். திருச்சி வெயிலில் மொட்டை மாடியில் ரோஜா வளர்க்கிறவர் அவர். அங்கே ரோஜா ஒரு கோடையைத் தாண்டுவதே பெரிய பாடு. நிழல் வலை கட்டி, காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றிப் பிள்ளை போலப் பார்த்துக்கொள்வார். ஊட்டி ரோஜாத் தோட்டத்தை ஒரு முறையாவது பார்க்க வேண்டும் என்று பல வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். மூட்டு வலி கூடிக்கொண்டே போகிறது, இன்னும் தள்ளிப் போட வேண்டாம் என்று கிளம்பினோம்.

எங்கள் ஊர் ஏஜென்ட் ஒருவரிடம் பேக்கேஜ் எடுத்தோம். வாட்ஸ்அப்பில் அவர் அனுப்பிய பட்டியல் இன்னும் என்னிடம் இருக்கிறது: பொட்டானிக்கல் கார்டன், ரோஸ் கார்டன், தொட்டபெட்டா, போட் ஹவுஸ், குன்னூர் சிம்ஸ் பூங்கா. "எல்லா என்ட்ரி டிக்கெட்டும் சேர்த்து" என்று கீழே எழுதியிருக்கிறார். மொத்தத் தொகையில் ஒரு வரி, "இ-பாஸ் சார்ஜ் ஆளுக்கு 200". ஐந்து பேருக்கு 1000 ரூபாய்.

முதல் ஏமாற்று இங்கேயே ஆரம்பித்துவிட்டது. நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் போகும் வண்டிகளுக்கு இ-பாஸ் வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டு, 2024 மே 7 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. அந்தப் பாஸ் முழுக்க இலவசம். தமிழ்நாடு மின் ஆளுமை முகமையின் இ-பாஸ் தளத்தில் போன் நம்பரைக் கொடுத்து, வண்டி எண், எத்தனை பேர், எந்தத் தேதி, எங்கே தங்குகிறோம் என்று நிரப்பினால் பாஸ் வந்துவிடும். பாஸ் வண்டிக்குத்தான், ஆளுக்கு இல்லை. அரசுப் பேருந்தில் போனால் அதுவும் வேண்டாம். ஏஜென்டிடம் பிறகு கேட்டதற்கு, "சீசன்ல கோட்டா முடிஞ்சுடும் மேடம், ஸ்பெஷல் கோட்டாவுல எடுத்தோம்" என்றார். கோட்டா இருப்பது உண்மை. 2025 சீசனில் நீலகிரிக்கு வார நாட்களில் 6000 வண்டி, வார இறுதியில் 8000 வண்டி என்று வரம்பு வைத்தார்கள். ஆனால் காசு கொடுத்து வாங்கும் ஸ்பெஷல் கோட்டா என்று எதுவும் கிடையாது. இந்த ஒரு வரியை வைத்து ஒரு சீசனுக்கு எத்தனை குடும்பத்திடம் வாங்கியிருப்பார்கள் என்று நினைத்தால் வயிறு எரிகிறது.

சரி, ஊட்டிக்கு வருகிறேன். மேலே போனதும், ஊர் சுற்றிக் காட்ட உள்ளூர் வண்டியும் வேறு டிரைவரும் வந்தார்கள். இளம் வயது, மரியாதையாகப் பேசினார். சேரிங் கிராஸ் தாண்டும்போதே ஆரம்பித்தார். "அக்கா, பொட்டானிக்கல் கார்டன் இன்னைக்கு க்ளோசுங்க. ஃபிளவர் ஷோ வேலை நடக்குது. நான் அதைவிட நல்ல கார்டன் ஒண்ணு காட்டறேன், கூட்டமே இருக்காது."

இந்தப் பொய் எவ்வளவு கவனமாகச் செய்யப்பட்டது என்று பாருங்கள். மே மாதம் மலர்க் காட்சி நடப்பது எல்லோருக்கும் தெரியும். அதற்கு முந்தைய வாரங்களில் பூங்காவின் பெரிய புல்வெளியில் ஆட்களை விட மாட்டார்கள், கயிறு கட்டி வைத்திருப்பார்கள். அது மட்டும் உண்மை. புல்வெளியைத் தவிர மற்றது எல்லாம் திறந்துதான் இருக்கும். பாதி உண்மையை எடுத்து முழுப் பொய்யாக்கிச் சொன்னால் வெளியூர்க்காரருக்கு எப்படித் தெரியும்?

அவர் கூட்டிக்கொண்டு போன இடம் தனியார் தோட்டம். ஆளுக்கு 150 ரூபாய் டிக்கெட். பேக்கேஜில் இது வராது, கையிலிருந்து கட்டச் சொன்னார். உள்ளே சிமென்டில் செய்த காளான்கள், படம் எடுத்துக்கொள்ள இதய வடிவ வளையங்கள், தொட்டிகளில் கொஞ்சம் சால்வியா, ஒரு கொட்டகையில் கள்ளிச் செடிகள். அம்மா ஒரு தொட்டி அருகே குனிந்து இலையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இது பிளாஸ்டிக்டி" என்றார். வெளியே வரும் வழி ஒரு கடைக்குள் நுழைந்துதான் வெளியேறுகிறது. தைலம், வாசனைத் திரவியம், வர்க்கி, முடி வளரும் எண்ணெய். கடை வாசலில் ஒரு பையன் நோட்டில் எங்கள் வண்டி எண்ணைக் குறித்துக்கொண்டிருந்தான். அடுத்துப் போன டீ ஃபேக்டரியிலும் அதே குறிப்பு, அதற்கடுத்த சாக்லேட் கடையிலும் அதே குறிப்பு. நாம் வாங்குவதில் டிரைவருக்குப் பங்கு. வாங்காவிட்டாலும் ஆளைக் கொண்டுவந்து இறக்கியதற்கு ஏதோ ஒரு தொகை. எங்கள் காலைப் பொழுது முழுவதும் அந்த நோட்டுகளில்தான் போயிற்று.

டீ ஃபேக்டரியைக் குறை சொல்ல மாட்டேன். இலை வாடுவதையும் அரைபடுவதையும் பிள்ளைகள் ஆசையாகப் பார்த்தார்கள். பிரச்சினை, அது எங்கள் பட்டியலில் இல்லாத இடம் என்பது. டீத்தூள் வாங்க விரும்புகிறவர்களுக்கு டான்டீ, இன்ட்கோசர்வ் கடைகள் இருக்கின்றன. இரண்டும் அரசு சார்ந்தவை, விலை அச்சடித்திருக்கும், பில் கொடுப்பார்கள். தைலத்தை மட்டும் லேபிள் இல்லாத பாட்டிலில் எங்கேயும் வாங்காதீர்கள்.

சாப்பாட்டுக்கும் அவர் சொன்ன ஓட்டல்தான். அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை, விலையைத் தவிர.

மதியத்துக்கு மேல் ரோஸ் கார்டன் போகலாம் என்றோம். "அங்க நூத்துக்கணக்குல படிங்க்கா. அம்மாவால முடியாது. பாவம், கால் வலியோட எதுக்கு?" என்றார். எனக்கு இன்றுவரை ஆறாதது இந்தப் பேச்சுதான். எல்க் மலைச் சரிவில் அடுக்கடுக்காக அமைந்த தோட்டம் அது, படிகளும் உண்டு. ஆனால் மெதுவாக இறங்கிப் போகச் சரிவான பாதையும் உண்டு. மேல் அடுக்கிலிருந்து பார்த்தாலே கீழ்வரை பூக்கள் தெரியும். பூங்கா அமைந்தது 1995இல். உலக ரோஜா சங்கங்களின் கூட்டமைப்பு 2006இல் விருது கொடுத்துப் பாராட்டிய இடம். அதைப் பார்ப்பதற்காகவே வந்த அம்மாவிடம், அவர் வலியையே காரணமாகக் காட்டி வேண்டாம் என்று சொல்ல வைத்தார். அம்மாவும் "எனக்காக எல்லாரும் கஷ்டப்பட வேணாம், விடு" என்று சொல்லிவிட்டார். ரோஸ் கார்டனைத் தவிர்த்ததில் டிரைவருக்கு மிச்சமானது ஐந்து டிக்கெட்டின் காசும் ஒரு மணி நேரமும்.

தொட்டபெட்டாவுக்குப் போனோம். 2637 மீட்டர் உயரம், அன்றைக்கு மேகம் மூடி எதுவும் தெரியவில்லை, அதற்கு யாரையும் குறை சொல்ல முடியாது. திரும்பும்போது சிம்ஸ் பூங்காவைப் பற்றிக் கேட்டதற்கு, குன்னூர் பக்கம் மழை, ரோடு பிளாக் என்றார்.

உண்மை தெரிந்தது சாயங்காலம். சேரிங் கிராஸ் அருகே கேரட் விற்றுக்கொண்டிருந்த ஒரு அம்மாவிடம் பேச்சுவாக்கில், "கார்டன் எப்போ திறப்பாங்க?" என்று கேட்டேன். "காலையில ஏழு மணியில இருந்து திறந்துதானே கண்ணு இருக்குது" என்றார். குன்னூரில் மழையும் இல்லையாம். அவர் அன்று மதியம்தான் அங்கிருந்து பஸ்ஸில் வந்திருக்கிறார்.

உடனே ஆட்டோ பிடித்துப் போனோம். டிக்கெட் கவுன்டரில் கூட்டம் நின்றிருந்தது. இருட்டுவதற்குள் பார்த்தது கொஞ்சம்தான். 55 ஏக்கர் பூங்கா அது. 1848இல் வேலை தொடங்கி, இங்கிலாந்தின் கியூ தோட்டத்தில் பயின்ற வில்லியம் கிரஹாம் மெக்ஐவர் தொட்டபெட்டாவின் அடிச்சரிவில் உருவாக்கியது. கண்ணாடி மாளிகையில் பூத்தொட்டிகளைப் பார்த்தோம். இரண்டு கோடி ஆண்டு பழமையானது என்று சொல்லப்படும் கல்லாகிப்போன மரத்தைப் பிள்ளைகள் பார்த்தார்கள். மேலே தோடர் மந்து (தோடர் பழங்குடியினரின் குடியிருப்பு) வரை ஏற நேரமில்லை, விசில் ஊதிவிட்டார்கள். அரை நாள் கொடுத்துப் பார்க்க வேண்டிய இடத்தை ஓட்டமும் நடையுமாகப் பார்த்தோம்.

அன்று இரவு டிரைவரைக் கேட்டேன். முதலில் மழுப்பினார், அப்புறம் ஒத்துக்கொண்டார். ஏஜென்ட் அவருக்கு நாள் வாடகையாகக் கொடுப்பது டீசலுக்கும் வண்டித் தவணைக்குமே போதாதாம். டிக்கெட் காசையும் அதிலேயே பார்த்துக்கொள் என்று சொல்லிவிடுவாராம். கடைகளில் வருவதுதான் அவருக்கு மிச்சம். இதனால் அவர் சொன்ன பொய் சரியாகிவிடாது. ஆனால் முழுத் தொகையையும் முன்கூட்டியே வாங்கிக்கொண்டு, இப்படித்தான் நடக்கும் என்று தெரிந்தே குடும்பங்களை அனுப்பி வைக்கும் ஏஜென்ட் மேல்தான் எனக்குக் கோபம் அதிகம். அவரிடம் பேசினால் "டிரைவரைக் கேளுங்க" என்கிறார். பார்க்காத இடங்களின் டிக்கெட் பணத்தைக் கேட்டால், "பேக்கேஜ்ல தனித்தனியா ரீஃபண்ட் கிடையாது மேடம்" என்கிறார்.

கிளம்பும் நாள் காலையில் பேக்கேஜ் வண்டியை நம்பாமல் பஸ்ஸில் குன்னூர் போய்விட்டோம். ஊட்டியிலிருந்து அடிக்கடி பஸ் இருக்கிறது, இருபது கிலோமீட்டருக்குள்தான். பஸ் நிலையத்திலிருந்து சிம்ஸ் பூங்காவுக்கு ஆட்டோ கிடைக்கும். 1874இல் தொடங்கிய பூங்கா, இயற்கையான பள்ளத்தாக்கின் வளைவை அப்படியே விட்டு அமைத்திருக்கிறார்கள். ருத்ராட்ச மரம், மர அளவுக்கு வளர்ந்த பெரணிகள், கீழே சின்னக் குளம். அம்மா மேலேயே ஒரு பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார், அங்கிருந்தே நிறையத் தெரிகிறது. எதிரே தோட்டக்கலைத் துறையின் பழப்பண்ணை இருக்கிறது, அவர்கள் தயாரிக்கும் ஜாம் வாங்கினோம். பயணத்திலேயே மனசுக்கு நிறைவாக இருந்தது இந்தச் சில மணி நேரம்தான். வழிகாட்ட யாரும் தேவைப்படவில்லை.

போகப் போகிறவர்களுக்குச் சொல்ல விரும்புவது இது. நீலகிரியில் பெயர் பெற்ற தோட்டங்களான தாவரவியல் பூங்கா, ரோஜாத் தோட்டம், சிம்ஸ் பூங்கா மூன்றுமே தோட்டக்கலைத் துறையுடையவை. ஊட்டி படகு இல்லம் தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்துடையது. கட்டணம் வாசல் பலகையில் இருக்கும், கவுன்டரில் நீங்களே டிக்கெட் வாங்கலாம். அதனால் டிக்கெட் சேர்த்த பேக்கேஜ் வேண்டவே வேண்டாம். வண்டிக்கு மட்டும் பேசுங்கள். பேசும்போதே "கடை எதுவும் வேண்டாம், நாங்கள் சொல்லும் இடத்துக்கு மட்டும்" என்று வாட்ஸ்அப்பில் எழுதி, சரி என்று பதில் வாங்கிக்கொள்ளுங்கள். சீசனில் அரசுப் போக்குவரத்துக் கழகம் ஊட்டியின் முக்கிய இடங்களைச் சுற்றி வரும் பேருந்து விடுகிறது. ஒரு டிக்கெட்டில் நாள் முழுக்க ஏறி இறங்கலாம், பூங்காக்களுக்கு அதுவே போதும். வயதானவர்கள் கூட வந்தால் தாவரவியல் பூங்காவைக் காலை முதல் வேலையாக வைத்துக்கொள்ளுங்கள். பத்து மணிக்கு மேல் வாசலில் வண்டியே நகராது. தண்ணீருக்கு வீட்டிலிருந்தே எவர்சில்வர் பாட்டில் கொண்டுபோங்கள். பிளாஸ்டிக் பாட்டிலுக்கு மாவட்டம் முழுக்கத் தடை இருக்கிறது, பிடித்தால் அபராதம்.

ஏமாந்துவிட்டால் சும்மா விடாதீர்கள். ஊருக்கு வந்ததும் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்தேன். பதிந்த பிறகுதான் ஏஜென்ட் தானாகக் கூப்பிட்டார். இ-பாஸுக்கு வாங்கிய 1000 ரூபாயை அனுப்பிவிட்டு, புகாரை வாபஸ் வாங்கச் சொல்கிறார். டிக்கெட் பணத்தைப் பற்றிப் பேச்சே இல்லை. நான் வாபஸ் வாங்கவில்லை. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நாம் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் மனுக் கட்டணமும் இல்லை. மனு எழுதிக்கொண்டிருக்கிறேன். ஏஜென்டின் பட்டியல், பணம் அனுப்பிய விவரம், அன்று சாயங்காலம் நாங்களே வாங்கிய பூங்கா டிக்கெட் எல்லாவற்றையும் இணைக்கிறேன். அந்த டிக்கெட்டில் தேதி இருக்கிறது. பூங்கா மூடியிருந்தது என்று இனி அவர்கள் சொல்ல முடியாது.