ஆய்வகக் காந்தத்துக்கு எந்தச் சுருள்: ரெப்கோவா, பிஸ்மத்தா, பழைய நியோபியமா?

ஜப்பானின் செண்டாய் நகரில் தோஹோகு பல்கலைக்கழகத்தின் காந்தப்புல ஆய்வகம் ஒரு 25 டெஸ்லா காந்தத்தைக் கட்டியது (டெஸ்லா என்பது காந்தப்புல வலிமையின் அலகு). வெளிச்சுருள் நியோபியம்-டின், நியோபியம்-டைட்டானியம் என்ற பழைய மீக்கடத்திகளால் (குளிர்ந்தால் மின்தடையே இல்லாமல் கடத்துபவை) ஆனது, 14 டெஸ்லா தரும். மீதியை உள்ளே செருகும் உயர்வெப்பநிலை மீக்கடத்திச் சுருள், அதாவது அவ்வளவு குளிராத நிலையிலும் மீக்கடத்தும் பொருளால் ஆன சுருள், தரவேண்டும். அதற்காக இரண்டு சுருள்களைச் சுற்றினார்கள். ஒன்று கடோலினியம் சேர்ந்த ரெப்கோ (அருமண் தனிமம், பேரியம், செம்பு கலந்த ஆக்சைடு) நாடாவில், மற்றொன்று பிஸ்மத்-2223 (பிஸ்மத் கலந்த செம்பு ஆக்சைடு) நாடாவில். ரெப்கோ சுருள் தனியாக ஓடியபோது 10 டெஸ்லாவைத் தொட்டது. வெளிச்சுருளின் புலத்துக்குள் வைத்து மின்னோட்டத்தை ஏற்றியதும் இலக்கை எட்டும் முன்பே குவெஞ்ச் ஆனது, அதாவது மீக்கடத்தும் தன்மையை இழந்தது. அதே இடத்தில் பிஸ்மத் சுருள் 24.6 டெஸ்லா வரை கொண்டுபோனது. திரவ ஹீலியத் தொட்டி இல்லை, குளிரூட்டியது முழுக்க கிரையோகூலர்கள் என்ற மின்குளிர்விப்பான்கள்தான்.

நாடாவின் தொழில்நுட்ப விவரத்தாளை மட்டும் படித்தவர்களுக்கு இது தலைகீழாகத் தெரியும். வலுவான புலத்தில் அதிக மின்னோட்டம் தாங்குவதும், இழுத்தால் எளிதில் அறாததும் ரெப்கோதான். ஆனால் விவரத்தாள் ஒரு துண்டு நாடாவைப் பற்றியது. நாம் வாங்குவது பல கிலோமீட்டர் நாடா சுற்றிய சுருளை.

ரெப்கோ நாடாவின் குறுக்குவெட்டைப் பாருங்கள். அகலம் பெரும்பாலும் 4 மில்லிமீட்டர். முதுகெலும்பாக 50 மைக்ரான் அளவில் ஹாஸ்டெல்லாய் என்ற நிக்கல் கலவைத் தகடு. அதன்மேல் மீக்கடத்தி வெறும் ஓரிரு மைக்ரான். அதற்கும் மேலே வெள்ளிப் பூச்சு, செம்பு உறை. நீளவாக்கில் பலமாக இழுத்தாலும் தகடு தாங்கும். அடுக்குகளைப் பிரிக்கும் திசையில் இழுத்தால் உரிந்துவிடும். சுருளை எபாக்சிப் பிசினில் ஊறவைத்துக் குளிரவைக்கும்போது பிசின் சுருங்கி அந்தத் திசையில்தான் இழுக்கிறது. அதனால் சிலர் பிசினுக்குப் பதில் பாரஃபின் மெழுகு பயன்படுத்துகிறார்கள், சிலர் எதிலும் ஊறவைக்காமல் உலர்ந்தபடியே சுற்றுகிறார்கள்.

இன்னொரு தொல்லையும் உண்டு. நாடா முழுவதும் ஒரே அகலமான படலமாக இருப்பதால், புலம் மாறும்போது அதற்குள்ளேயே சுழல் மின்னோட்டங்கள் எழுந்து நெடுநேரம் ஓயாமல் நிற்கும். மையப் புலம் நகரும், நாடாவின் ஒரு விளிம்பில் மட்டும் விசை குவியும். 2019இல் அமெரிக்காவின் டல்லாஹாசி தேசிய உயர்காந்தப்புல ஆய்வகத்தில், 31 டெஸ்லா மின்தடைக் காந்தத்துக்குள் (மீக்கடத்தி அல்லாத சாதாரண மின்காந்தம்) செருகிய ஒரு சின்ன ரெப்கோ சுருள் மொத்தப் புலத்தை 45.5 டெஸ்லாவுக்கு உயர்த்தியது. அபாரமான சாதனை. பிரித்துப் பார்த்தபோது நாடா சேதப்பட்டிருந்தது.

பிஸ்மத்-2223 நாடாவில் வெள்ளிக்குள் பல மெல்லிய இழைகள் புதைந்திருக்கும். வெள்ளி மென்மையானது என்பதால் இருபுறமும் நிக்கல் கலவைத் தகடு ஒட்டிப் பலப்படுத்துகிறார்கள். அடுக்கடுக்காக உரியும் தொல்லை ரெப்கோ அளவுக்கு இல்லை. ஜப்பானின் சுகுபாவில் 2014இல் 1020 மெகாஹெர்ட்ஸ் என்.எம்.ஆர். காந்தம் (மூலக்கூறுகளை ஆராயும் அணுக்கருக் காந்த ஒத்ததிர்வுக் கருவிக்கானது; அதன் புலத்தை மெகாஹெர்ட்ஸிலும் சொல்வார்கள்) 24 டெஸ்லாவை எட்டியதும், பழைய நியோபியம்-டின் உள்சுருளை எடுத்துவிட்டு பிஸ்மத் சுருளை வைத்ததால்தான்.

அப்படியானால் ரெப்கோ வேண்டாமா? அப்படிச் சொல்லமாட்டேன். டல்லாஹாசியிலேயே 2017இல் 32 டெஸ்லா காந்தம் வெற்றி கண்டது: வெளியே 15 டெஸ்லா நியோபியம், உள்ளே 17 டெஸ்லா ரெப்கோ. அங்கே சுருள் முழுக்கச் சூடேற்றும் பட்டைகளைப் பதித்திருக்கிறார்கள். காரணம் இதுதான். நியோபியம்-டைட்டானியத்தில் ஒரு புள்ளி மீக்கடத்தும் தன்மையை இழந்தால், அந்தச் சூடு நொடிக்கு மீட்டர் கணக்கில் பரவி ஆற்றல் சுருள் முழுக்கப் பகிர்ந்துபோகும். உயர்வெப்பநிலை நாடாவில் அது சென்டிமீட்டர், சில நேரம் மில்லிமீட்டர் கணக்கில்தான் நகரும். வோல்ட்மீட்டரில் தெரிவதற்குள் அந்த ஓரிடமே கருகிவிடும். அதனால் ஆபத்து தெரிந்த கணமே சுருள் முழுவதையும் வேண்டுமென்றே சூடாக்குகிறார்கள்.

45.5 டெஸ்லா சுருளின் வழி வேறு. சுற்றுகளுக்கு நடுவே காப்பே கிடையாது, தடங்கல் வந்தால் மின்னோட்டம் பக்கத்துச் சுற்றுக்குத் தாவிவிடும். அழகான யோசனைதான். ஆனால் புலத்தை ஏற்றி இறக்கும்போதும் மின்னோட்டம் குறுக்கே கசிவதால் புலம் பின்தங்கியே வரும். தினமும் புலத்தை ஏற்றி இறக்கிப் பார்க்கும் ஆய்வகத்துக்கு இது ஒத்துவராது.

பழைய நியோபியத்தின் எல்லை தெளிவானது. பிரான்சின் லியோனில் 2009இல் நிறுவிய 1000 மெகாஹெர்ட்ஸ் கருவியின் 23.5 டெஸ்லா கிட்டத்தட்ட அதன் உச்சம். 2020இல் ஃபிளாரன்ஸில் நிறுவிய 28.2 டெஸ்லா காந்தத்துக்கு உயர்வெப்பநிலைச் சுருள் தேவைப்பட்டது. ஆனாலும் 400, 600 மெகாஹெர்ட்ஸ் போதும் என்கிற வேதியியல் துறைக்கு நான் யோசிக்காமல் பழைய நியோபியத்தைத்தான் சொல்வேன். அதன் கம்பி முனைகளை மின்தடையே இல்லாமல் இணைக்கலாம். ஒருமுறை ஏற்றி மின்வழங்கியைக் கழற்றிவிட்டால் புலம் ஆண்டுக்கணக்கில் அசையாமல் நிற்கும். நாடாக்களைப் பற்றாசு வைத்து இணைத்தால் கொஞ்சமாவது தடை மிஞ்சும். மீக்கடத்தும் இணைப்போடு உயர்வெப்பநிலைச் சுருளை உள்ளே வைத்த 400 மெகாஹெர்ட்ஸ் காந்தத்தை ஜப்பானியர்கள் 2018இல்தான் இயக்கிக் காட்டினார்கள்.

ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். ‘உயர்வெப்பநிலை’ என்றதும் 77 கெல்வினில் (மைனஸ் 196 டிகிரி செல்சியஸ்) திரவ நைட்ரஜனை ஊற்றினால் போதும் என்று பலர் நம்புகிறார்கள். அந்தச் சூட்டில் புலம் கொஞ்சம் ஏறினாலே பிஸ்மத் நாடா துவண்டுவிடும். உச்சப் புலங்களுக்கு இவையும் 4 கெல்வினுக்குத்தான் இறங்கியாக வேண்டும்.

இவற்றின் உண்மையான பலன் தெரிவது நடுத்தரப் புலத்தில், 20 கெல்வின் பக்கம். கிரையோகூலர் 4 கெல்வினில் ஒன்றிரண்டு வாட் வெப்பத்தைத்தான் எடுக்கும், 20 கெல்வினில் பத்து வாட்களின் கணக்கில் எடுக்கும். எக்ஸ்-கதிர்க் கற்றை வந்து விழும் ஆய்வு நிலையத்தில் காந்த மாதிரிகளை ஆராய்பவர் புலத்தின் திசையைத் திரும்பத் திரும்பப் புரட்டவேண்டும். ஒவ்வொரு புரட்டலும் சுருளைச் சூடாக்கும். அதைத் தாங்க நியோபியத்துக்கு ஓரிரு கெல்வின்தான் இடம் இருக்கும், நாடாவுக்கோ தாராளமாக இருக்கும். இத்தகைய காந்தங்களை நியூசிலாந்தின் எச்.டி.எஸ்-110 நிறுவனம் செய்திருக்கிறது. ஹீலியத்தை இறக்குமதி செய்யும் நம் நாட்டுக்கும் இது முக்கியம். ஒரு வாட் வெப்பம் கசிந்தாலே மணிக்கு 1.4 லிட்டர் திரவ ஹீலியம் ஆவியாகும்; 20 கெல்வின் காந்தத்தில் நிரப்பவும் வேண்டாம், ஆவியான ஹீலியத்தைப் பிடிக்கும் மீட்புக் குழாயும் வேண்டாம். கிரையோகூலரின் கம்ப்ரஸருக்குத் தடையில்லா மின்சாரமும் குளிர்ந்த நீரும் கிடைத்தால் போதும்.