இலவசம் வேறு, சுதந்திரம் வேறு: மோட்டிஃப், க்யூட்டி, ஜிடிகே உரிமங்கள்

1990களில் லினக்ஸ் இயங்குதளத்தின் கருவான கெர்னலும், மூலநிரலை இயங்கும் நிரலாக மாற்றும் கம்பைலரும் கட்டற்றவையாக, அதாவது எவரும் படித்து, மாற்றி, பகிரக்கூடியவையாகக் கிடைத்தன. திரையில் பொத்தானும் மெனுவும் வரையும் டூல்கிட்டுகளில்தான் சிக்கல். அன்றைக்கு யூனிக்ஸில் கோலோச்சிய மோட்டிஃபைக் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும். மோட்டிஃபை நிரலுக்குள்ளேயே சேர்த்துக் கட்டிய, கணினி நேரே இயக்கும் பைனரியாக வெளியிட்டால், பயன்படுத்துபவருக்குச் செலவில்லை. லினக்ஸுக்கு நெட்ஸ்கேப் உலாவி அப்படித்தான் வந்தது. ஆனால் மோட்டிஃபில் எழுதிய ஒரு நிரலின் மூலநிரலை இறக்கித் தானே கம்பைல் செய்ய நினைப்பவர் உரிமம் வாங்கியாக வேண்டும். மூலநிரல் கையில் இருந்தும் என்ன பயன்?

இதற்கு இரண்டு விதமாக விடை தேடினார்கள். லெஸ்டிஃப் குழு மோட்டிஃபை அப்படியே நகலெடுத்து எழுதியது. படம் திருத்தும் நிரலான கிம்ப்பை எழுதியவர்களோ மோட்டிஃபைக் கைவிட்டு, ஜிடிகேயைப் புதிதாகவே உருவாக்கி, மூடிய மென்பொருளும் இணைத்துக்கொள்ள இடம் தரும் கட்டற்ற உரிமமான எல்ஜிபிஎல்லில் தந்தார்கள். எக்ஸ்ஃபார்ம்ஸ் என்றொரு டூல்கிட்டும் இருந்தது. விலை இல்லை, மூலநிரலும் இல்லை. அதைப் பற்றி அதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை.

க்யூட்டி என்ற டூல்கிட்டின் கதைதான் நின்று பார்க்க வேண்டியது. நார்வேயின் ட்ரோல்டெக் நிறுவனம், யூனிக்ஸ், லினக்ஸின் திரை அமைப்பான எக்ஸ்11இல் கட்டற்ற மென்பொருள் எழுதுவோருக்கு அதை இலவசமாகவே கொடுத்தது. மூலநிரலையும் படிக்கலாம். 1996இல் கேடிஇ என்ற டெஸ்க்டாப் சூழல் திட்டம் இதை நம்பித்தான் தொடங்கியது. மோட்டிஃபோடு ஒப்பிட்டால் எவ்வளவோ மேல். ஆனால் பிழை ஒன்றைத் திருத்தினால், திருத்திய க்யூட்டியைப் பிறருக்குக் கொடுக்க அனுமதியில்லை. ஜிபிஎல் என்பது, நிரலோடு இணைத்து விநியோகிக்கும் எல்லாமே அதே அளவு கட்டற்றதாக இருக்க வேண்டும் என்று கோரும் உரிமம். கேடிஇ போன்ற ஜிபிஎல் நிரலை இதோடு இணைத்து விநியோகிப்பது ஜிபிஎல்லுக்கே முரண் என்று சொல்லி, 1998இல் டெபியன் என்ற லினக்ஸ் வழங்கல் கேடிஇயை நீக்கியது. அது கறாரான முடிவுதான், ஆனால் சரியான முடிவு. அதற்கு முந்தைய ஆண்டே ஜிடிகேயின் மேல் க்னோம் என்ற இன்னொரு டெஸ்க்டாப் சூழல் தொடங்கியிருந்தது.

இந்த நெருக்கடி பலன் தந்தது. 1999இல் க்யூட்டி 2.0 க்யூபிஎல் உரிமத்தில் வந்தது. அது கட்டற்ற உரிமமே என்றாலும், மாற்றங்களைத் தனி பேட்ச்சாக, அதாவது மாற்றங்கள் மட்டும் அடங்கிய கோப்பாகத்தான் தர வேண்டும், ஜிபிஎல்லோடும் ஒத்துப்போகாது. 2000 செப்டம்பரில் ஜிபிஎல்லே வந்தது. நோக்கியா கைக்கு மாறியபின், 2009இல் எல்ஜிபிஎல்லும் சேர்ந்தது. இவற்றையெல்லாம்விட நான் பெரிதாக மதிப்பது 1998இல் கேடிஇயும் ட்ரோல்டெக்கும் சேர்ந்து அமைத்த அறக்கட்டளையை. க்யூட்டியின் கட்டற்ற பதிப்பை நிறுவனம் நிறுத்திவிட்டால், மூடிய மென்பொருளிலும் தாராளமாகப் பயன்படுத்த விடும் பிஎஸ்டி பாணி உரிமத்தில் அதை வெளியிட அந்த அறக்கட்டளைக்கு அதிகாரம் உண்டு. நிறுவனம் கைமாறினாலும் இந்த ஏற்பாடு தொடர்கிறது. நிறுவனத்தின் நல்லெண்ணத்தை மட்டும் நம்பி இருக்க வேண்டியதில்லை.

மோட்டிஃபும் 2000இல் கதவைப் பாதி திறந்தது: திறந்த மூல இயங்குதளங்களில் மட்டும் இலவசம். எங்கே ஓட்டலாம் என்று கட்டுப்படுத்தும் உரிமத்தைக் கட்டற்றது என்று எப்படி ஏற்பது? எல்ஜிபிஎல் வந்தது 2012இல். அதற்குள் புதிய நிரல்கள் க்யூட்டிக்கும் ஜிடிகேக்கும் போய்விட்டன.

இன்று மூடிய மென்பொருள் எழுதுபவருக்கு இந்த இரண்டில் உரிமச் சிக்கல் குறைவானது ஜிடிகேதான். க்யூட்டியை எடுப்பவர் அதன் ஒவ்வொரு மாட்யூலின் (பகுதியின்) உரிமத்தையும் தனித்தனியே பார்க்க வேண்டும். சில எல்ஜிபிஎல்லில் கிடைக்காது, ஜிபிஎல் அல்லது வணிக உரிமம் மட்டுமே. எழுதுவது ஜிபிஎல் மென்பொருள் என்றால் எனக்கு க்யூட்டிதான் முதல் தேர்வு. அந்த அறக்கட்டளை ஒன்றே அதற்குப் போதிய காரணம்.