சாங் மேக்கர்: பாட்டு வகுப்பும் பள்ளிக் கீபோர்டும் சந்திக்கும் கட்டம்

மாலையில் வீட்டில் சுருதிப் பெட்டியோடு சரளி வரிசை பாடும் பிள்ளையும், பகலில் பள்ளியில் கீபோர்டு வாசிக்கும் பிள்ளையும் ஒருவரே என்றாலும், அங்கே ‘ஸ ரி க’ என்றும் இங்கே ‘சி டி இ’ என்றும் வழங்குவதால் இரண்டும் வெவ்வேறு பாடங்களாகவே அவர் மனத்தில் தங்கிவிடுகின்றன. கூகுள் 2016இல் வெளியிட்ட குரோம் மியூசிக் லேப் தளத்தில் உள்ள, கட்டங்களை நிரப்பி மெட்டமைக்கும் கருவியான சாங் மேக்கர் அந்த இடைவெளியைக் குறைக்கிறதா என்பதை மட்டுமே இங்கே பார்க்கிறேன்.

கட்டணமோ உறுப்பினர் பதிவோ இல்லை. சேமித்தவுடன் ஓர் இணைப்பு கிடைப்பதால், பள்ளிக் கணினியில் தொடங்கிய மெட்டை வீட்டுக் கைபேசியில் திறந்து தொடரலாம். இணைப்பைத் தொலைத்தால் மெட்டும் போய்விடும், ஆகவே உடனே வாட்ஸ்அப்பில் அனுப்பி வைத்துக்கொள்வது நல்லது.

சுரத் தெரிவுகள் மூன்றுதான். மேஜர் என்பதில் சங்கராபரண ராகத்தின் சுரங்களும், பென்டடோனிக் என்பதில் மோகன ராகத்தின் சுரங்களும் அப்படியே அமைந்திருக்கின்றன. ஆனால் பிள்ளைகள் முதலில் கற்கும் மாயாமாளவகௌளை ராகத்துக்கு, எல்லாச் சுரங்களும் அடங்கிய குரோமாடிக் தெரிவுக்குச் சென்று, 12 சுரத்தானங்களிலிருந்து 7ஐத் தாமே பொறுக்கியெடுக்க வேண்டும். இதைக் குறை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சுத்த ரிஷபத்திலிருந்து அந்தர காந்தாரத்துக்கு ஏறும்போது நடுவில் இரண்டு கட்டங்கள் காலியாக நிற்பதைக் காணும் பிள்ளைக்கு, இத்தனை நாள் குரலால் தாண்டிய தூரம் கண்ணுக்குப் புலப்படுகிறது; பள்ளி ஆசிரியர் மூன்று அரைச்சுர இடைவெளி என்று சொல்வதும் அதையேதான்.

தாளத்துக்கு இரண்டே வரிசைகள். மிருதங்கச் சொற்களுக்கு அவை போதா. ஆனாலும் ஒன்றைத் தட்டுக்கும் மற்றொன்றை வீச்சுக்கும் ஒதுக்கி, நான்கு எண்ணிக்கை கொண்ட இரண்டு பிரிவுகளில் ஆதி தாளத்தின் ஓர் ஆவர்த்தனத்தை, அதாவது ஒரு முழுச் சுற்றைக் குறித்துவிடலாம்.

சுரத்தை அசைத்துப் பாடும் கமகத்துக்கு இங்கே இடமே இல்லை. ஒவ்வொரு கட்டமும் அசையாத ஒரு சுரம் என்பதால், ஜண்டை வரிசை, அலங்காரம் ஆகிய தொடக்கப் பயிற்சிகள் வரை துணை வரும் இக்கருவியில், அவற்றுக்குப் பின் கற்கும் வர்ணத்தைப் பதிய முயல்வது வீண். வீட்டில் 5 கட்டைச் சுருதியில் பாடும் சிறுமி தொடக்கச் சுரத்தை ‘ஜி’ என்றும், பள்ளிக் கீபோர்டில் வாசிக்கையில் ‘சி’ என்றும் வைத்து ஒரே அலங்காரத்தை இரண்டு விதமாகவும் கேட்டுப் பார்க்கட்டும். இக்கருவியை நான் பரிந்துரைப்பது முக்கியமாக அந்தப் பயிற்சிக்காகத்தான்.